வேடத்தின் நிறம்

கொள்ளைநோய்க் காலமாகிய 2020-ஆம் ஆண்டில் பள்ளிகள் அடைபட்டுக் கிடந்த நாள்களில், திருமங்கலத்திற்கு மேற்கே கரிசற்காட்டின் நடுவணுள்ள எங்கள் சிற்றூரில் எனக்குத் துணையாயிருந்தவை இரண்டு பெட்டிகள். ஒன்று, என் தாய்மாமன் தம் இளமையிற் சேர்த்து வைத்த படக்கதைப் புத்தகங்கள் அடங்கிய தகரப் பெட்டி. மற்றொன்று, கூடத்திலிருந்த தொலைக்காட்சிப் பெட்டி. பகற்பொழுதை முன்னதும், இரவுப் பொழுதைப் பின்னதும் பங்கிட்டுக் கொண்டன. இரண்டிலும் வீரர் இருந்தனர். இரண்டிலும் கொடியோர் இருந்தனர். ஆயினும், ஏட்டில் யான் கண்ட வீரனும் பெட்டியில் யான் கண்ட வீரனும் ஒரே வகை உடையினர் அல்லர் என்பது, பதினான்கு வயதினனாகிய எனக்கே சில நாள்களில் விளங்கிற்று. அது ஏன் என்னும் ஐயம் அன்று தொடங்கி, வேறோரிடத்திற் போய் முட்டி நின்ற கதையை ஈண்டு எழுதப் புகுகின்றேன். பொருளதிகாரம் பயிலும் மாணவன் இரும்புக்கை மாயாவியைப் பற்றி எழுதுவதோ என்று எம் ஆசிரியப் பெருமக்கள் நகைப்பாராயின், அந்நகையும் மெய்ப்பாடு எட்டனுள் ஒன்றே என அமைவேன்.

மாமனது பெட்டியில் மிகுதியும் இருந்தவை சிவகாசியில் அச்சாகிய முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் என்பன. ராணி காமிக்ஸும் சில உண்டு. முத்து காமிக்ஸ் 1972-இல் 'இரும்புக்கை மாயாவி' என்னும் கதையோடு தோன்றியது. அக்கதை ஆங்கில நாட்டு வார இதழொன்றில் 1962-இல் வெளிவரத் தொடங்கியது. ஆய்வுக்கூட விபத்தொன்றில் வலக்கையை இழந்து, எஃகினால் ஆகிய கையைப் பெற்ற லூயிஸ் கிராண்டேல் என்பவனே அதன் தலைவன். மின்சாரம் அவன் உடலிற் பாய்ந்ததும் மேனி முழுதும் மறைந்துபோகும். எஃகுக்கை ஒன்றுமே புலனாகும். இதனினும் எளிய வேடம் உலகில் உண்டோ? ஓவியன் வெற்றிடத்தை வரைந்து, அதன் நடுவே ஒரு கையை மட்டும் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. வாசலைத் திறக்கும் கை, துப்பாக்கியைப் பறிக்கும் கை, தொலைபேசியை எடுக்கும் கை. எஞ்சியவற்றைப் படிப்பவன் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

யானும் நிரப்பிக்கொண்டேன். அப்புத்தகங்கள் அட்டையில் மட்டுமே வண்ணம் உடையன. உள்ளே செய்தித்தாளை ஒத்த மட்டத்தாளில் கருமைக் கோடுகள். மாயாவிக்கு மேனி நிறம் தாளின் நிறமே. அவனைத் துரத்தும் கொடியோர்க்கும் அதுவே. பழுப்பேறிய அத்தாளில் வெள்ளையர் எவரும் வெள்ளையராய் இலர். அனைவரும் சிவகாசித் தாளின் நிறத்தவரே. ஆகவே அவனை என் மனத்தில் என் நிறத்தவனாகவே வைத்துக்கொண்டு படித்தேன். யான் கரியவன். எங்கள் ஊர் மண்ணைப் போன்ற நிறம் என்று பாட்டி கூறுவார். இது யாருக்கும் தீங்கு செய்யாத கற்பனையாதலின், யாரிடமும் கூறினேன் அல்லேன்.

ஸ்பைடர் என்னும் மற்றொருவன் இன்னும் விந்தையானவன். 1965-இல் ஆங்கில நாட்டிற் பிறந்து, 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸின் வழியே தமிழகத்திற் புகுந்தவன் அவன். கூரிய செவிகள், உடலை இறுகப் பற்றிய கரிய உடை, முதுகில் பறக்கும் பொறி, கையில் வலை எறியும் துப்பாக்கி. முதலில் இவன் திருடர்க்கெல்லாம் அரசனாக விரும்பிய கொடியோன். பின்னர், திருடரை அடக்குவதே பெருமை எனத் தேர்ந்து நன்னெறிக்கு வந்தான். சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவராகிய ஜெர்ரி சீகல் இவன் கதைகள் பலவற்றை எழுதினார். யான் வியந்தது யாதெனில், மனம் மாறிய பின்னும் இவன் உடையை மாற்றவில்லை என்பதே. நேற்றுக் களவு செய்தபோது அணிந்த அதே கரிய உடையை இன்று காவல் செய்யும்போதும் அணிகின்றான். படிக்கும் எவரும் மயங்குவதில்லை. ஏனெனில், ஏட்டில் அவன் தலைக்கு மேலே எழுத்துகள் உள்ளன. அவன் நல்லவன் என்று கதை கூறிவிட்டது. உடை கூற வேண்டுவதில்லை.

தொலைக்காட்சிக்கு அந்த ஓய்வு இல்லை. கண் சிமிட்டும் நேரத்தில், கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் அத்தைக்கும், திண்ணையிலிருந்து எட்டிப் பார்க்கும் தாத்தாவுக்கும், வந்தவன் வீரனோ பகைவனோ என்பது விளங்கிவிட வேண்டும். அன்றியும் அங்கே உடை என்பது மையால் இடப்படுவதன்று, நூலால் தைக்கப்படுவது. அதனுள்ளே வியர்க்கும் உடல் ஒன்று உளது. 1952-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சூப்பர்மேன் தோன்றியபோது, ஏட்டில் நீலமும் செம்மையுமாயிருந்த அவனது உடையைப் பழுப்பும் சாம்பலுமாகத் தைத்தனர். கருவெள்ளைப் படக்கருவிக்கு நீலமும் சிவப்பும் ஏறக்குறைய ஒரே சாம்பலாய்த் தெரியும் ஆதலின், வேறுபாடு புலனாக வேண்டி இது செய்தனர். நீலத்தைக் காட்டப் பழுப்பை உடுத்திய அந்நடிகரை நேரிற் கண்டிருந்தால் ஊர்ச் சிறுவர் யாவரும் போலி என்று கூவியிருப்பர். 1966-இல் தொடங்கிய பேட்மேன் தொடரில் ஜோக்கராக நடித்த சீசர் ரொமேரோ, தம் மீசையை மழிக்க இசையாமையால் அதன் மீதே வெண்சாந்து பூசி நடித்தார். ஏட்டு ஜோக்கருக்கு மீசை கிடையாது. தொலைக்காட்சி ஜோக்கருக்கோ, உற்று நோக்கினால், சுண்ணாம்பு அடித்த மதிலில் முளைத்த புல்லைப் போல ஒன்று உண்டு.

அச்சுக்கூடமும் இதற்கு இளைத்ததன்று. மாமனது பெட்டியில் 'மாயாவி' என்றும் 'வேதாளர்' என்றும் இரு பெயரால் வழங்கிய முகமூடி வீரரை 1936-இல் படைத்த லீ ஃபாக், அவருடைய உடை சாம்பல் நிறம் என்றே எண்ணியிருந்தார். 1939-இல் ஞாயிற்றுக்கிழமைத் தாள்களுக்கு வண்ணம் ஊட்டியபோது அது ஊதாவாய் வெளிவந்தது, இத்தாலியில் செம்மையாயிற்று, சுவீடனில் நீலமாயிற்று. ஹல்க் என்னும் பேருருவன் 1962-இல் முதல் இதழிற் சாம்பல் நிறத்தோடு பிறந்தான். பக்கத்திற்குப் பக்கம் அச்சாம்பல் வேறுபட்டமையால் அடுத்த இதழிலேயே பச்சையனானான். பின்னர் 1978-இல் தொலைக்காட்சித் தொடர் வந்தபோது, லூ ஃபெரிக்னோ என்னும் உடற்பயிற்சி வல்லுநர் மேனி முழுதும் பச்சைச் சாயம் பூசிக்கொண்டார். மை பிசகியதன் பயனை ஒரு மனிதர் தம் தோலின்மேற் சுமந்தார். வீரரின் நிறம் பற்றி யாம் போற்றும் பலவும் இவ்வாறு அச்சுக்காரரும் படக்கருவியும் வகுத்தவையே எனின், அந்நிறங்களில் தெய்வீகம் யாதொன்றும் இல்லை என்பது தெளிவு.

நிற்க. அந்த 2020-ஆம் ஆண்டின் வேனிலில், தூர்தர்ஷன் தன் பழந்தொடர்களை மீண்டும் ஒளிபரப்பியது. 1987-இல் முதற்கண் வந்த இராமாயணமும், 1997-இல் வந்த சக்திமானும் எங்கள் கூடத்திற்கு வந்தன. எமக்கு இந்தி தெரியாது. மொழி தெரியாதவன் வேடத்தையே படிப்பான். ஆதலின் வேடங்களை யான் அந்நாளிற் படித்ததுபோல் பாட நூலையும் படித்ததில்லை. சக்திமானின் மார்பிற் பொன்வட்டம் ஒளிர்ந்தது. அவன் பகைவனோ பெயரிலேயே இருளைக் கொண்டவன். இருளை நிலைநாட்டுதலே அவன் வேட்கை. ஒளிக்கும் இருளுக்கும் போர் என்றால் அதில் பிழை காண்பதற்கில்லை. எங்கள் வேதாகமமும் அவ்வாறே பேசுகின்றது. ஆனால் இருள் என்பது எந்த இடத்தில் மேனியின் கருமையாய் மாறுகின்றது என்பதே எனக்குப் பின்னாளிற் பெருங்கேள்வியாயிற்று.

இராமனைக் கொண்டு இதனைத் தெளிவாகக் கூறலாம். கம்பர் தம் தலைவனைக் கண்ட நிறம் கருமை. மேகத்தோடும் கடலோடும் ஒப்பிட்டு ஒப்பிட்டு அவர் ஆராமை கொள்வதெல்லாம் அந்நிறத்தையே. தம்பி இலக்குவன் பொன்னிறத்தவனாய் அருகில் நிற்பது அக்கருமைக்கு எடுப்பேயாகும். அனந்த் பை 1967-இல் தொடங்கிய அமர் சித்திரக் கதைகள் அக்கருமையை நீலமாக்கின. (தில்லியில் ஒரு தொலைக்காட்சி வினாவிடை நிகழ்ச்சியில், இராமனுடைய தாயின் பெயரைச் சிறுவர் சொல்ல மாட்டாது விழித்ததைக் கண்டே அவர் அம்முயற்சியில் இறங்கினார் என்பர். தொலைக்காட்சி பெற்ற பிள்ளை படக்கதை என்று கூறத் தோன்றுகிறது.) நீலமேனி மனிதர்க்கு இல்லை. ஆதலின் அது எவரையும் உயர்த்துவதுமில்லை, தாழ்த்துவதுமில்லை; ஆயின் அதே ஏட்டில் அரக்கரைப் பழுப்பும் கருமையுமாய்த் தீட்டுதல் பெருவழக்காயிற்று. ஆய்வாளர் பலர் இதனைக் குறித்துள்ளனர். அடுத்து, தொலைக்காட்சி இராமனோ நீலமும் அல்லன், கரியவனும் அல்லன், வெளிர்மேனியன். கம்பர் கருமையாய்க் கண்டு உருகியவனை ஏடு நீலமாக்க, பெட்டி வெளுப்பாக்கியது. அவனிடமிருந்து பறிக்கப்பட்ட கருமை எங்குச் சென்றது என்று தேடினால், அது அரக்கர் தெருவிற் குடியேறியிருக்கக் காண்கின்றோம்.

இதனை யான் இத்துணை அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் சபையில் ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு நாடகம் நடைபெறும். அது எந்தச் சபை என்பது ஈண்டு வேண்டா. அதன் மக்கள் என் மக்களே. நாடகத்தின் தொடக்கத்தில் சாத்தான் வந்து ஏரோதின் செவியில் நஞ்சை ஓதுவான். சுவிசேஷத்தில் இக்காட்சி இல்லை. எம்மூர் நாடகாசிரியர் யாரோ பண்டொருநாள் சேர்த்தது. ஒன்பதாம் வயதிலும், பத்தாம் வயதிலும், பன்னிரண்டாம் வயதிலும் யானே சாத்தான். பழைய கறுப்புப் பாவாடை ஒன்றைப் பிரித்துத் தைத்த மேலங்கி, அட்டையில் வெட்டிய கொம்புகள், முகத்திற்கு அடுப்புக்கரியும் தேங்காயெண்ணெயும், இவ்வளவே வேடம். முதலாண்டில் ஒப்பனை செய்த அக்காள் கரிக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இவனுக்குக் கரி எதற்கு? சும்மாவே போதும்," என்றார்.

எல்லாரும் நகைத்தனர். அவர் கொடியவர் அல்லர். எனக்கு ஞாயிறு பள்ளியில் வசனங்கள் கற்பித்தவர். யான் காய்ச்சலிற் கிடந்தபோது கஞ்சி கொணர்ந்தவர். யானும் உடன் நகைத்தேன். நன்றாய் நடித்தேன் என்று பரிசாக ஒரு பென்சிற்பெட்டியும் பெற்றேன். அன்றிரவு வீட்டிற்கு வந்தபின், அம்மா என் முகத்தைச் சவுக்காரம் இட்டு இருமுறை கழுவினார்கள். கரியே பூசாத முகம் அது.

அந்நாளில் எனக்கு அதனைச் சொல்லச் சொல் இல்லை. இப்போது உண்டு: மற்றவர்க்கு வேடம் என்பது நாடகம் முடிந்ததும் களையத்தக்கது, எனக்கு அதைக் களைய இடமில்லாமற் செய்துவிட்டார்கள்.

மேனியின்மேல் ஏறிய வேடத்தின் வலிமையை மதுரை நாடக உலகம் நெடுநாளாய் அறியும். 1918-இல் இந்நகரிற் பாலர் நாடகக் குழு கண்ட சங்கரதாஸ் சுவாமிகள், தம் நடிப்பு வாழ்வில் எமன், சனீசுவரன் போன்ற அச்சந்தரும் வேடங்களையே ஏற்றவர். ஒருநாள் விடியற்காலையில், ஆட்டம் முடிந்து, சனீசுவரன் வேடத்தைக் கலைக்காமலே அவர் நீர்நிலைக்குச் செல்ல, அங்கிருந்த பெண்ணொருத்தி அவ்வுருவைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் துறந்தாள் என்றும், அதன்பின் அவர் வேடம் கட்டுதலைக் கைவிட்டு ஆசிரியப் பணியையே மேற்கொண்டார் என்றும் நாடகக்காரர் வழிவழியாகக் கூறுவர். ஏட்டில் எழுதிய சனீசுவரனைக் கண்டு எவரும் இறந்ததாகக் கதையில்லை. 1922-இல் மறைந்த அப்பெரியார் தம் வேடத்தைக் களைந்தார், களைய முடிந்தது.

கல்லூரிக்கு வந்து இரண்டாம் ஆண்டிற் புறப்பொருள் பாடம் கேட்ட நாளில்தான் இவ்வெண்ணங்கள் ஓர் ஒழுங்கிற்கு வந்தன. ஆநிரை கவர்வோன் வெட்சி சூடுவான். அதனை மீட்போன் கரந்தை சூடுவான். படையெடுப்போனுக்கு வஞ்சி, எதிர்நின்று காப்போனுக்குக் காஞ்சி. மதிலை வளைப்போனுக்கு உழிஞை, உள்ளிருப்போனுக்கு நொச்சி. தமிழர் போர்க்களத்தில் நாயகன் யார், பகைவன் யார் என்பதைத் தெரிவிக்கும் உடை ஒரு பூவே! அதனை யாரும் சூடலாம், மாலையில் வாடிவிடும், மறுநாள் செயல் மாறினால் பூவும் மாறும். வெட்சி சூடியவன் பிறந்ததுமுதல் வெட்சியான் அல்லன். அன்று ஆவைக் கவர்ந்தான், அவ்வளவே. இனி, இருபெரு வேந்தரும் வெளிநிலத்தில் நேர்நின்று பொரும்போதோ இருவருக்கும் ஒரே பூ. தும்பை. வெண்ணிறமான சிறு பூ; எங்கள் ஊர் வரப்புகளில் மழைக்குப்பின் தானே முளைப்பது. இருவரும் தும்பையே சூடினால் யார் நல்லவன் என்று எங்ஙனம் அறிவது என வகுப்பில் ஒருவன் கேட்டான். அன்று மணி அடித்துவிட்டது.

அவ்வாரமே, ஏறக்குறைய அதே பொருளை வேறொரு நூலிற் கண்டேன். பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், சாத்தானுக்கு ஒரு வேடம் கூறுகின்றார். கறுப்புப் பாவாடையும் அட்டைக் கொம்பும் அல்ல. ஒளியின் தூதனது வேடம். பலமுறை கேட்ட பகுதிதான். சாத்தானாய் மும்முறை நடித்தவன் ஒருவன் அதனை ஒருமுறையேனும் செவியில் வாங்கியிருக்க வேண்டாவா?

சென்ற ஆண்டு மார்கழியில், தமிழ் படிப்பவன் என்னும் ஒரே தகுதி பற்றி, நாடகத்தை ஆக்கும் பொறுப்பைச் சபையார் என்னிடம் தந்தனர். யான் உடை வாங்க மதுரைக்குச் சென்றேன். திருமலை நாயக்கர் எடுப்பித்த புது மண்டபத்தில் தலைமுறை தலைமுறையாய்த் தையற்பொறியோடு அமர்ந்திருந்தவர்களுள் பலர் இப்போது குன்னத்தூர்ச் சத்திரத்தில் உள்ளனர். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குங்கால் நீர் பீய்ச்சுவோர் அணியும் சல்லடமும் தொப்பியும், கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டோர் உடையும், பள்ளி நாடகங்களுக்கு வேண்டுவனவும் தைப்போர் அவர்கள். அவருள் இசுலாமியர் பலர். யான் கண்ட பெரியவரும் அவருள் ஒருவர். பழக்கம் பற்றி, முதலில் சாத்தானுக்குக் கறுப்பு வெல்வெட்டு என்ன விலை என்றே கேட்டுவிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, இந்தக் கறுப்பு வெல்வெட்டு கருப்பசாமிக்குத் தைக்கிறது. அழகர் மலைக் காவலுக்குப் போகிற துணி. அதைச் சாத்தானுக்கு வெட்ட எனக்குக் கை வராது. வேறு துணி பாருங்கள்."

ஓர் இசுலாமியப் பெரியவர், இந்துக்களின் காவற்றெய்வத்தின் பொருட்டு, கிறிஸ்தவச் சாத்தானுக்குத் துணி வெட்ட மறுத்தார்! மதுரையிலன்றி இது வேறெங்கு நிகழும்? அழகர்மலை வாயிலிற் பதினெட்டாம்படியைக் காத்து நிற்கும் கருப்பனும் கருமையே; ஆலவாய் அன்னையோ மரகதப் பச்சை. திருவிழாவில் அழகர்தாமே கள்ளர் கோலம் பூண்டு வருகின்றார். என்ன நிறப் பட்டு உடுத்து வருகின்றார் என்று காணவே பெருங்கூட்டம் கரையில் விழித்திருக்கும். நிறத்தையும் வேடத்தையும் இத்துணைத் தாராளமாய்ப் பகிர்ந்தளித்த ஊரில், எங்கள் சிறுசபை மட்டும் கருமையைக் கொண்டுபோய்ச் சாத்தானுக்குக் கொடுத்தது எந்த வழியாக வந்த வழக்கமோ!

"அப்படியானால் வெள்ளைப் பாப்ளின் கொடுங்கள், பாய்," என்றேன். "தேவதூதனுக்கும் அதுவே, சாத்தானுக்கும் அதுவே. இரண்டும் ஒரே அளவுத் தையல்."

"அப்புறம் யார் எவர் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டுக்கொண்டே அளவுநாடாவை எடுத்தார். வகுப்பில் எழுந்த அதே வினா.

பவுலையும் தும்பையையும் துணைக்கொண்டு யான் மிக்க இறுமாப்பில் இருந்தேன். சாத்தான் வேடத்தை மேனிலை வகுப்பு மாணவன் ஒருவனுக்குத் தந்தேன். வெளுத்த மேனியன், இனிய குரல் உடையவன். காபிரியேல் தூதனாக எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைத் தேர்ந்தேன். அவன் என்னினும் கரியவன், மனப்பாடத்தில் வல்லவன். இருவர்க்கும் கணுக்கால் வரை தொங்கும் வெள்ளையங்கி, விளிம்பிற் சரிகை. சிறகு இருவர்க்கும் இல்லை.

நாடக இரவில் கூட்டம் மண்டபத்திற்கு வெளியேயும் நின்றது. திரை விலகியது, ஏரோதின் அரண்மனை. வெள்ளையங்கியோடு சாத்தான் உள்ளே வந்தான். மகளிர் பக்கத்திலிருந்து நாலைந்து பாட்டிமார், "ஸ்தோத்திரம்" என்றனர்.

யான் திரைக்குப் பின்னால் நின்று மகிழ்ந்தேன் என்பதை ஒளிக்காமற் கூறுகிறேன். அவன் ஏரோதின் செவியில், பிறந்த குழந்தைகளைப் பற்றி அவ்வினிய குரலிற் பேசப் பேச, மண்டபம் மெல்ல மெல்ல அடங்கிய அமைதி இன்றும் என் செவியில் உளது. பவுலின் வசனத்தை அன்று எங்கள் ஊர் கண்ணாற் கண்டது. இவ்வளவோடு நாடகம் முடிந்திருந்தால் இக்கட்டுரையும் ஈண்டே முடிந்திருக்கும்.

அடுத்த காட்சி நாசரேத்து. மரியாள் மாவு திரிக்கின்றாள். அதே வெள்ளையங்கியோடு காபிரியேல் வந்தான். முன்வரிசையில் இருந்த ஒரு குழந்தை, "சாத்தான்! சாத்தான் வந்துட்டான்!" என்று உரக்கக் கூவிற்று. கூட்டம் நகைத்தது. பின்னும் இரண்டு மூன்று பிள்ளைகள் அதனைத் திருப்பிக் கூவின. சிறுவன் மேடை நடுவே நின்றான். அவன் கைகள் அங்கியின் சரிகையைப் பற்றிக்கொண்டன. மரியாளை நோக்கி, அஞ்ச வேண்டா என்று கூறுவதே அவன் முதற்பேச்சு. அவன் அதனைக் கூட்டத்தை நோக்கித் திரும்பிக் கூறினான். பிறகு மரியாளிடம் திரும்பி, எஞ்சியவற்றை ஒரு சொல்லும் பிசகாது சொல்லி முடித்தான்.

அங்கே யான் எண்ணாத ஒன்று நிகழ்ந்துவிட்டது. இருவர்க்கும் ஒரே உடை உடுத்தினால் கூட்டம் செயலைக் கண்டு தேரும் என்று நினைத்தேன். கூட்டமோ, உடையில் வேறுபாடு காணாதுபோகவே, முகத்தைப் பார்த்தது. உடை தந்துவந்த செய்தியை யான் அழித்தேன். அந்த வெற்றிடத்தில் மேனி நிறம் வந்து அமர்ந்துகொண்டது. மாயாவியின் வெற்றிடத்தை யான் நிரப்பியதுபோல் அவர்களும் நிரப்பினர். கொம்பும் மேலங்கியுமாவது துணியும் அட்டையும், கழற்றி வைக்கலாம். அவற்றைப் பறித்து, அச்சிறுவனை அவன் தோலோடு மட்டும் மேடையில் நிறுத்தியவன் யான்.

நாடகம் முடிந்தபின் மூப்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, படிப்பு நல்லதுதான். ஆனால் பின்வரிசையில் கண் மங்கிய கிழவி இருக்கிறாள். அவளுக்குச் சாத்தான் யாரென்று பார்த்தவுடன் தெரிய வேண்டும்," என்றார். அவர் கறுப்பு மேலங்கியை மீண்டும் கொணர வேண்டும் என்னும் கருத்தினர். அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால், பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பதை மறுக்க என்னால் இயலவில்லை. புறப்பொருட் புலவரும் அதனை மறுத்தாரல்லர். தும்பை ஒன்று நீங்கலாக, ஏனைய போர்க்கெல்லாம் இருதிறத்தார்க்கும் வெவ்வேறு பூ வைத்தனர். எனக்கு வேண்டியிருந்தது தும்பை அன்று, வெட்சியும் கரந்தையும். வெட்சி கிடைப்பது அரிதன்று. எங்கள் சபை வளாகத்திலேயே சுற்றுச்சுவரை ஒட்டிச் செக்கச்செவேல் எனப் பூத்து நிற்கின்றது, இட்லிப்பூ என்பார்கள். சாத்தானுக்கு ஒரு கொத்து, ஏரோதின் சேவகர்க்கு ஒவ்வொரு கொத்து. இதனை மூப்பரிடம் கூறினேன். அவர் சிந்தித்துவிட்டு, பலிபீடத்திற்கு வைக்கும் பூவாயிற்றே என்றார்.

இவ்வாண்டு நாடகத்திற்கு இன்னும் நாள் உளது. வெள்ளையங்கிகள் இரண்டும் எங்கள் வீட்டில், மாமனது தகரப் பெட்டியில், புத்தகங்களின்மேல் மடித்து வைக்கப்பட்டுள்ளன. சென்ற மாதம் ஊருக்குச் சென்றிருந்தபோது, அச்சிறுவன் எங்கள் வாசலில் வந்து நின்றான். அவனிடம் அந்த இரவைப் பற்றிப் பேச வேண்டும் எனப் பலகாலும் எண்ணியவன், எப்படித் தொடங்குவது என்று தடுமாறினேன். அவனே பேசினான்.

"அண்ணே, இந்த வருசம் எனக்குச் சாத்தான் கொடுங்க."

யான் துணுக்குற்று, "ஏன்?" என்றேன்.

"காபிரியேலுக்கு ஒரே ஒரு காட்சிதான் இருக்கு. அவனுக்குத்தான் வசனம் அதிகம்."

அவனுக்கு இன்னும் விடை கூறினேன் அல்லேன்.